விளக்கை அணைத்தால் பூத்துவிடும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசையெல்லாம் இல்லை. சோள ரொட்டி வாங்கும் வரிசையில் நின்றபோது வாய் சும்மா இருக்காமல், "மாரிக்ரூஸோட பூப்பாத்தியைப் பத்தி ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கேன்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லித் தொலைத்தேன். அப்போது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எங்கள் ஊர் சான் எலியாஸில் ரொட்டி வரிசையில் சொன்னது, சொன்னவள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

மறுநாளே மாரிக்ரூஸ் என் கடைக்கு வந்தாள். (கடை என்றால் ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், பள்ளிக்கூடத்துச் சாமான்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது. தேவாலயத்துக்கு எதிரே.) மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மாத்ரினா, கதை எழுதுறீங்களாமே." (என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான். ஏனென்று பிறகு சொல்கிறேன்.)

"ஏதோ கிறுக்கிக்கிட்டிருக்கேன்."

"எழுதுங்க. ஆனா முடிக்காதீங்க."

"முடியாத கதையை யாருடி படிப்பா?"

"யாரும் படிக்க வேணாம். முடிக்காதீங்க, அவ்வளவுதான்."

அதே வாரத்தில் செனோபியாவும் வந்தாள். அவள் ஊரியேலின் தாய். ஊரியேல் மாரிக்ரூஸைக் கட்டிக்கொள்ள இருந்த பையன். ஏப்ரல் மாதம் லாரி ஓட்டிக்கொண்டு தலைநகரத்துக்குப் போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை. செனோபியா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு என்னிடம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"எல்வீரா, அந்தக் கதையை முடிச்சிடு."

"என்னன்னு முடிக்க?"

"நல்லதோ கெட்டதோ, ஒரு முடிவு எழுதிடு. எழுத்துல இருந்தா நான் உக்காந்து அழுதுக்குவேன். இப்போ எனக்கு அழறதுக்குக்கூட ஒரு இடம் இல்லை."

இதுதான் இந்தக் கதை பிறந்த லட்சணம். முடிக்காதே என்று ஒருத்தி, முடித்துவிடு என்று ஒருத்தி. நடுவில் நான், கையில் ஒரு பேனாவோடு. எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

2

சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றை மறைக்கப் போவதில்லை.

"நெவாதோ எரிமலையின் சரிவில், மேகங்கள் தவழும் ஒரு சிற்றூரில்..."

இல்லை. இங்கே மேகம் எதுவும் தவழவில்லை. மலைச்சரிவு முழுக்கப் பூ வளர்க்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள், பூச்சிமருந்து வாடை. சுற்றுலாப் பட அட்டைக்கு எழுதும் கையை முதலில் உடைக்க வேண்டும்.

"ஊரியேல் கடைசியாகச் சிரித்தது..."

கடைசியாக என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடைசி என்று எனக்கு யார் சொன்னது? இதை மாரிக்ரூஸ் படித்தால் என் முகத்தில் விழிப்பாளா?

"பம்ப் அறை வாசலுக்கு வலது பக்கம், தோள் உயரத்தில், ஒரு சுவிட்ச் இருக்கிறது."

இதை வைத்துக்கொண்டேன். அழகான வரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதில் பொய் இல்லை. கதையும் இந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது.*

* செவந்தியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். செவந்திக்கு நீளமான இருட்டு வேண்டும். இருட்டு கிடைத்தால் மொட்டு விடும், இரண்டு மாதத்தில் பூத்துவிடும். பாத்திக்கு மேலே பல்புகளைத் தொங்கவிட்டு இரவில் எரியவிட்டால், செடி இன்னும் காலம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இலையாகவே வளரும். எந்தத் தேதிக்குப் பூ வேண்டுமோ அதற்கு இரண்டு மாதம் முன்னால் விளக்கை அணைப்பார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது இது. அணைக்காமலே விட்டவள் மாரிக்ரூஸ் ஒருத்திதான்.

3

எங்கள் ஊரில் பூ வளர்க்காதவர் பாதிரியார் மட்டும்தான். ஆனாலும் எந்தப் பெண்ணும் தன் கல்யாணத்துக்குத் தன் தோட்டத்துப் பூவை வைப்பதில்லை. தொலூகா நகரத்துக்குப் போய், அலங்காரக் கடையில் ரோஜாவும் லில்லியும் சொல்லிவைத்துவிட்டு வருவாள். செவந்தி கல்லறைக்குப் போகிற பூ. ஆத்துமாக்கள் திருநாளுக்கும் தலைநகரத்துச் சாவுகளுக்கும் லாரி லாரியாகப் போகும். அதைக் கல்யாணத்தில் வைப்பதா?

மாரிக்ரூஸ் வைப்பேன் என்றாள். வெள்ளைச் செவந்தி. அவள் அப்பா இலாரியோவின் கூடாரத்தில், பம்ப் அறையை ஒட்டிய மூலைப் பாத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணமா, நல்லடக்கமா?" என்று கேட்டவள் வேறு யாருமில்லை, செனோபியாவேதான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். (இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி செனோபியா கேட்கக்கூடும். கேட்டால் எடுத்துவிடுவேன். இன்னும் கேட்கவில்லை.)

"சிரிங்க அத்தை, நல்லா சிரிங்க" என்றாள் மாரிக்ரூஸ். "ஊர்ல இருக்கிற பொண்ணுங்க கல்யாணத்துக்கெல்லாம் பூ வெட்டி வெட்டி என் கை காய்ச்சுப்போச்சு. எனக்கு நானே வளத்து, நானே வெட்டி, நானே கட்டிக்கறேன். யாரு என்ன சொல்றது?"

எங்கள் பக்கம் கல்யாணத்தில் ஒவ்வொரு சாமானையும் வாங்கித்தர ஒரு ஞானத்தாய் உண்டு. மோதிரத்துக்கு ஒருத்தி, கேக்குக்கு ஒருத்தி, மண்டியிடும் மெத்தைக்கு ஒருத்தி. மாத்ரினா என்பது அதுதான். பூச்செண்டுக்கு என்னைக் கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"பூ என்னோடது. நீங்க ரிப்பன் மட்டும் வாங்கிக் குடுங்க, மாத்ரினா."

"அப்போ நான் பூச்செண்டுக்கு மாத்ரினா இல்லை, ரிப்பனுக்கு மாத்ரினா."

"ரிப்பன் இல்லாம செண்டு நிக்குமா, சொல்லுங்க?"

வெள்ளை சாட்டின் ரிப்பன் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தன் வேலை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டவள் வெகுகாலம் அதை வெளியே எடுக்கவில்லை.

வளர்ப்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கட்டுவது தெரியாது. வெட்டுவார்கள், காகிதத்தில் சுற்றுவார்கள், பெட்டியில் அடுக்குவார்கள், அதோடு எங்கள் ஊர்க்காரர்களின் வேலை முடிந்தது. பூவை எப்படி வைத்தால் அழகு என்பது வாங்குகிறவன் பாடு. ஆகவே அவள் பழகினாள். தண்டு வளைந்ததென்று கழித்துக் கட்டிய பூக்களை வாளியில் போட்டுக்கொண்டு மத்தியான நேரங்களில் என் கடைக்கு வருவாள். கீழ் இலைகளைப் பல்லால் கடித்து உருவி என் கடைத் தரையில் துப்புவாள். ஒரு தண்டின் மேல் இன்னொரு தண்டைச் சாய்த்து, கையைத் திருப்பித் திருப்பி அடுக்குவாள். தேவாலய வாசலுக்கு நாணல் கட்டி ஒரு வளைவு, மண்டியிடும் இடத்துக்கு இரண்டு கொத்து, கையில் ஒரு செண்டு. எல்லாம் அவளே செய்வதாகத் திட்டம். ஜூன் மாதம் கல்யாணம்.

முதலில் கட்டிய செண்டுகளை ஊரியேல் வந்து பார்த்தான்.

"விளக்குமாறு நல்லா வந்திருக்கு" என்றான். "இதைப் புடிச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள வந்தா, பாதிரியார் உன்னைக் கூட்டச் சொல்லிடுவாரு."

செண்டால் அவன் தோளிலேயே ஒன்று போட்டாள்.

4

ஊரியேலை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. எழுத எழுத அவன் புனிதனாகிவிடுகிறான். சாந்தமான கண், உழைப்பாளிக் கை, தாயை மதிக்கிற பிள்ளை. காணாமல் போனவர்களை எழுதினாலே இப்படித்தான் ஆகிறது. அடித்துவிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எதற்கும் நேரத்துக்கு வர மாட்டான். தான் சொல்லும் வேடிக்கைக்குச் சொல்லி முடிப்பதற்கு முன்பே தானே சிரித்துவிடுவான், அதனால் பாதி வேடிக்கைகள் யாருக்கும் புரியாது. பூசை நடக்கும்போது தேவாலய வாசலில் ஹாரன் அடிப்பான். பூசணி விதையைக் கடித்து லாரிக்குள்ளேயே துப்பி வைப்பான். கல்யாணப் பத்திரிகையில் பூப்படம் போடக்கூடாது என்று என் கடையில் வந்து சண்டை பிடித்தான்.

"எல்லாரும் பூ போடறாங்க, தோன்யா எல்வீரா. நான் லாரிக்காரன். லாரி போடுங்க."

"கல்யாணப் பத்திரிகையில லாரியா?"

"சின்னதா. மூலையில. பாத்ததும் என் பத்திரிகைன்னு தெரியணும்."

போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டு அச்சடித்தது இன்னும் என் மேசைக்கு அடியில் இருக்கிறது.

அவன் புறப்பட்ட மத்தியானம் மாரிக்ரூஸ் ஒரு செண்டு கட்டியிருந்தாள். கழித்த பூதான். ஆனால் முதல்முறையாகக் கை விட்டும் செண்டு பிரியாமல் நின்றது. மற்றவர்களின் பூவை லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து என் கடை முன்னால் நிறுத்தியவன், அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இது விளக்குமாறு இல்லை" என்றான்.

அவனிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. கண்ணாடிக்குக் கீழே முன்பலகையில் செண்டை வைத்துக்கொண்டு போனான். தலைநகரத்துச் சந்தைக்கு அவன் போய்ச் சேரவே இல்லை.

லாரி மறுநாள் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது. கதவு சாத்தியிருந்தது. பின்னால் இருந்த பூக்கள் ஒன்றுகூட அசங்கவில்லை. அவன் இல்லை, சாவி இல்லை. முன்பலகையில் அந்தச் செண்டும் இல்லை.

(இங்கே ஓர் அதிகாரியை எழுதியிருந்தேன். மேசை, கொட்டாவி, "வேற பொண்ணோட போயிருப்பான்" என்ற வசனம் எல்லாம் வைத்து ஒரு பக்கம் வந்தது. நீக்கிவிட்டேன். அவர்மேல் கோபப்பட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அதனால்தான் நீக்கினேன்.)

5

மாரிக்ரூஸ் பிடித்துக்கொண்டது அந்தச் செண்டைத்தான்.

"செண்டை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான், மாத்ரினா. அப்போ தானா இறங்கித்தான் போயிருக்கான். இழுத்துக்கிட்டுப் போனா செண்டை எடுக்க விடுவாங்களா?"

யாராவது எடுத்து வீசியிருக்கலாம். வழியில் போனவன் எவனோ தன் பெண்டாட்டிக்குக் கொண்டுபோயிருக்கலாம். எனக்குத் தோன்றியது இதெல்லாம்தான். சொல்லவில்லை. எழுத்திலும் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் எழுத உட்கார்ந்தபின் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

ஜூன் கல்யாணத்துக்கு விளக்கை அணைக்க வேண்டியது அந்த வாரம்தான். அவள் அணைக்கவில்லை. "வரட்டும், வந்தப்புறம் அணைச்சுக்கறேன். தேதியைத் தள்ளி வெச்சாப் போச்சு" என்றாள். சரிதானே என்று நாங்களும் தலையாட்டினோம். ஜூன் போனது. செடிகள் நெஞ்சு உயரம் வளர்ந்து, தண்டு கட்டையாகி, ஒரு மொட்டுகூட இல்லாமல் நின்றன. அவள் நுனிகளைக் கிள்ளி எடுத்து, பழைய செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே பாத்தியில் மறுபடி நட்டாள். மறுபடி விளக்கு. அதுவும் வளர்ந்து கட்டையானது. மறுபடி கிள்ளி நட்டாள். இப்படி எத்தனை காலம் வேண்டுமானாலும் செய்யலாம். செடி எதுவும் கேட்காது.

கல்யாணப் பத்திரிகைக்கு என்று அவன் கொடுத்த புகைப்படத்தை வைத்துத்தான் நான் தேடல் சுவரொட்டி அடித்தேன். வேறு நல்ல படம் அவர்களிடம் இல்லை. அதே இயந்திரம், அதே படம். காணவில்லை என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒரு முகம். பேருந்து நிலையத்தில் அதைப் பார்க்கிறவர்கள் தங்களையறியாமல் சிரித்துவிட்டு, பிறகு எழுத்தைப் படித்து முகம் மாறுகிறார்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன். இனி அந்தப் பக்கம் போவதில்லை.

இலாரியோ ஒருநாள் கடைக்கு வந்தார். பாத்திரமாக எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான், எந்த நிலையிலும் ஏதாவது கேலி பேசுவார்.

"இந்த மலையிலேயே பூக்காத செடிக்குத் தண்ணி ஊத்துறவன் நான் ஒருத்தன்தான். என் கூடாரத்துல சூரியன் மறையறதே இல்லைன்னு பசங்க பேசிக்கறானுங்க."

"அணைச்சிடேன் இலாரியோ."

"அணைக்க ஒரு நிமிஷம் ஆகாது. அப்புறம் அவ என்கூடப் பேச மாட்டா." தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இவ அவனைத் தேடிக்கிட்டுப் போறான்னா அது வேற. கூடவே நானும் போவேன். இவ எங்கேயும் போகலை. அந்தப் பாத்திகிட்டதான் நிக்கறா. அவனையும் காணோம், என் பொண்ணையும் காணோம், எல்வீரா."

அதைச் சொல்லும்போது கேலி இல்லை.

செனோபியாவின் கணக்கு வேறு. நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள். வீட்டில் பீடம் வைத்து, படமும் தண்ணீரும் உப்பும் பூவும் வைத்தால், போனவர்கள் பூ வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார்கள். இந்த வாரம் விளக்கை அணைத்தால்தான் அந்தப் பாத்தி திருநாளுக்குப் பூக்கும். அடுத்த வாரம் அணைத்தால் பிந்திவிடும்.

"ஊர் பூரா செவந்தி இருக்கு செனோபியா. வேற எங்கேயாவது வாங்கிக்கோ" என்று நான் சொன்னேன்.

"அவன் கல்யாணத்துக்குன்னு வெச்ச பூ அது ஒண்ணுதான். வேற எந்தப் பூவை நம்பி அவன் வருவான்?"



6

ஆகவே முடிவுகள். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

அ. அவன் வந்துவிடுகிறான். மழை விட்ட ஒரு காலையில் பாலத்தின் மேல் நடந்து வருகிறான். இளைத்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது. கையில் காய்ந்துபோன செண்டு. "இப்போ இது நிஜமாவே விளக்குமாறு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரிக்கிறான். மாரிக்ரூஸ் அவனைப் பார்த்து

இதற்கு மேல் என் கை ஓடவில்லை. எழுதினால் அவள் நம்பிவிடுவாள். ஒருத்தியை இன்னும் ஒரு வருஷம் அந்தப் பாத்தியருகே நிறுத்தி வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம்.

ஆ. ஆலங்கட்டி மழை. மின்கம்பி அறுந்து விழுகிறது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. யாரும் அணைக்காமலே விளக்கு அணைந்து, பாத்தி மொட்டு விட்டுவிடுகிறது. யார்மேலும் பழி இல்லை.

எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. என் வேலையை மழையின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். தவிர, இலாரியோவிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இ. தொலைபேசி அடிக்கிறது.

இதை முழுதாக எழுதினேன். யார் எடுத்தது, என்ன சொன்னார்கள், செனோபியா எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள் என்பது வரை. நன்றாகவும் வந்திருந்தது. படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். நன்றாக வந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈ. இலாரியோ சொன்ன முடிவு: "கதையிலயாவது அவளுக்கு வேற ஒரு பையனைப் பாத்துக் கட்டி வெச்சிடேன்."

"இலாரியோ, போய் உன் வேலையைப் பாரு."

"கேட்டுப் பாத்தேன்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

7

இனி எழுதப்போவது நான் கற்பனை செய்தது அல்ல. நேற்றுச் சாயங்காலம் நடந்தது.

மழை விட்டிருந்தது. செனோபியா கடை வாசலில் வந்து நின்று, "என்கூட வா" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. மேட்டில் ஏறினோம். இலாரியோவின் கூடாரத்துக்குள் இன்னும் வெளிச்சம் இருந்தது, அப்போதுதான் மாரிக்ரூஸ் பல்புகளும் போட்டிருந்தாள். பாத்தியில் செடிகள் முழங்கால் உயரம், நல்ல பச்சை. மாரிக்ரூஸ் குனிந்து செடிகள் சாயாமல் இருக்க வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

செனோபியா நேராகப் பம்ப் அறை வாசலுக்குப் போய்ச் சுவிட்சின் மேல் கையை வைத்தாள்.

"அத்தை, கையை எடுங்க."

"இந்த வாரம் அணைக்கலைன்னா திருநாளுக்குப் பூக்காது, கண்ணு."

"தெரியும். தெரிஞ்சுதான் அணைக்கலை."

"அவனுக்கு நான் என்னத்தை வெக்கறது? வெறும் தண்ணியும் உப்பும் வெச்சுக் கூப்பிடவா?"

மாரிக்ரூஸ் நிமிர்ந்தாள். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"சரி, அணைங்க. நீங்க பெத்தவங்க, உங்களுக்கு இல்லாத உரிமை எனக்கு இல்லை. ஆனா அணைச்சிட்டு, அவன் செத்துட்டான்னு உங்க வாயால சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன். பூத்ததும் நானே வெட்டி, நானே கட்டி, உங்க பீடத்துல கொண்டாந்து வெக்கறேன். ஒரு பூ எனக்குன்னு எடுத்துக்க மாட்டேன். சொல்லுங்க அத்தை."

செனோபியாவின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைந்தது. கை சுவிட்சிலேயே இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவன் செத்துட்டான்னு நான் எங்கடி சொன்னேன்" என்றாள் கடைசியில். "எனக்குப் பூ வேணும்னுதானே சொன்னேன்."

கையை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த பூக்கூடைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஏப்ரலிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. மாரிக்ரூஸ் வந்து பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் முடியலை அத்தை" என்றாள். "தினமும் வந்து பல்பைப் போடும்போது, இன்னைக்கு மறந்துட மாட்டோமான்னு இருக்கு. ஒரு வாரம் மறந்தாப் போதும், அது தானா மொட்டு விட்டுடும். நான் அணைச்சதா ஆகாது. மறக்கவும் வரமாட்டேங்குது."

செனோபியா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். 

பிறகு மாரிக்ரூஸ் எழுந்து, ஏப்ரனிலிருந்து கத்தியை எடுத்து, பாத்தி ஓரத்தில் ஒரு கை நிறையத் தண்டு வெட்டினாள். பூ இல்லை, மொட்டு இல்லை, வெறும் இலை. கீழ் இலைகளைப் பல்லால் உருவித் துப்பினாள். ஒன்றின் மேல் ஒன்றைச் சாய்த்து, கையைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். அவள் கை எவ்வளவு தேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன். எந்த அலங்காரக் கடைக்காரனும் அப்படி அடுக்க மாட்டான். ஏப்ரன் பையிலிருந்து என் ரிப்பன் சுருளை எடுத்தாள். முதல்முறையாக அதைப் பிரித்து, வெட்டி, செண்டைச் சுற்றிக் கட்டி, செனோபியாவின் கையில் கொடுத்தாள்.

"இப்போதைக்கு இதை வெச்சுக்கோங்க."

செனோபியா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விளக்குமாறு மாதிரி இருக்குடி" என்றாள்.

சிரித்தார்களா, அழுதார்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மாரிக்ரூஸ் என் பக்கம் திரும்பினாள்.

"மாத்ரினா, நீங்க அணைச்சிடுங்க."

"நானா?"

"எங்க ரெண்டு பேராலயும் ஆகாது. அப்பாவாலயும் ஆகாது. நீங்க அவனுக்கு எந்த உறவும் இல்லை. நீங்க அணைச்சா வெறும் விளக்கு அணைஞ்சதாத்தான் இருக்கும்."

செனோபியா இலைச் செண்டை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போனேன். சுவிட்சின் மேல் கை வைத்தேன். மழைக் குளிரில் ஜில்லென்று இருந்தது. என் மேசைக்கு அடியில் இருக்கிற கட்டு ஞாபகம் வந்தது, மூலையில் சின்னதாக ஒரு லாரி. நான் அவனுக்கு எந்த உறவும் இல்லை என்று அவள் எதை வைத்துச் சொன்னாள்?

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். இறங்கி வந்துவிட்டேன். கடை பூட்டித்தான் இருந்தது.

8

இந்த வாரம் இன்னும் முடியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கடை வாசலில் நின்றால் மேட்டில் அந்த மூலை மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. எழுதுவதும் அணைப்பதும் ஒன்றல்ல என்று நினைத்துத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். என் கை சுவிட்சில் எப்படி நின்றதோ அப்படியே காகிதத்திலும் நிற்கிறது.

நீங்கள்தான் மிச்சம்.

நீங்கள் அவனைப் பெற்றவர் இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவர் இல்லை, அவன் பத்திரிகையில் லாரிப் படம் போட்டவரும் இல்லை. நிஜமாகவே அவனுக்கு எந்த உறவும் இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அணைத்தால் பூத்துவிடும். பூத்தால் மாரிக்ரூஸ் வெட்டுவாள், கட்டுவாள். எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அவளும் செனோபியாவும் அன்றைக்குப் பேசிக்கொள்ளட்டும். அணைக்கவில்லை என்றால் நாளைக்கும் அவள்தான் வந்து நிற்பாள், நாளன்றைக்கும் அவள்தான். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. எனக்கே தெரிந்திருந்தால் நேற்றே செய்திருப்பேன்.

மேட்டில் ஏறினால் முதல் கூடாரம். பம்ப் அறை வாசலுக்கு வலது பக்கம், தோள் உயரத்தில் சுவிட்ச் இருக்கிறது. கீழே தள்ள வேண்டும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அவர்கள் ரெண்டு பேரும் அங்கேதான் இருப்பார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள். வந்தது யார் என்று பார்க்க மாட்டார்கள்.